ஜெனரேட்டர் ஏழுமலைக்கு மேலே ஒரு கோடு

போன மாதம் ஒரு மத்தியானம் ஷபானா போன் பண்ணினாள். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவள் நான். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

“கிரேஸ் அக்கா, ஆர்கனைசேஷன் சார்ட்ல ஜெனரேட்டர் ஆபரேட்டர் ஏன் டைப்பிஸ்டுக்குக் கீழ வர்றாரு?” என்று கேட்டாள். ஆடிட் வருகிறதாம். புது மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மெயின்டனன்ஸ் பகுதிக்குக் கீழே மாற்றச் சொல்லிவிட்டாராம். மாற்றலாம் என்று ஃபைலைத் திறந்தால் இன்னொரு கூத்து.

“ஓரத்துல ஒண்ணுமே இல்லாத எடத்துல மௌஸை வெச்சா, வெள்ளையா ஒரு கட்டம் நகருதுக்கா. அதுக்கு அடியில ஒரு கோடு ஒளிஞ்சினு இருக்குது.”

எதையும் தொடாதே, சேவ் பண்ணாமல் மூடிவை, நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அவளிடம் போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் டைப்பிங் கற்றது வாணியம்பாடியில். லோயர், ஹையர் இரண்டும் பாஸ். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. டைப்ரைட்டரில் கோடு போடுவது மட்டும் தனி வித்தை. அடிக்கோடு விசையைத் தட்டிக்கொண்டே போனால் படுக்கைக் கோடு வரும். நிற்கும் கோடு வேண்டுமென்றால் பேப்பரைக் கழற்றி, பக்கவாட்டில் திருப்பிச் செருகி, மறுபடி தட்ட வேண்டும். மூலையில் இரண்டும் சரியாகச் சேர்ந்துவிட்டால் அன்றைக்கு எனக்குக் கூடுதலாக ஒரு டீ உண்டு. நானே வாங்கிக் குடித்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, ஏசி, வாசலில் மிதியடி. ஷூ செய்கிற கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஒரே இடம் அதுதான். வேலூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். டைப் அடிப்பது, சேவ் பண்ணுவது, பிரின்ட் எடுப்பது. படம் வரைவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஒரு டைப்பிஸ்ட் எதற்குப் படம் வரையப் போகிறாள் என்று நினைத்திருப்பார். நியாயம்தான்.

ஆனால் வெளிநாட்டு வியாபாரி தரச் சான்றிதழ் கேட்டார். அது இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்றார். அந்தப் பொறுப்பு முழுக்க எங்கள் நிர்வாக மேனேஜர் வஹாப் சார் தலையில் விழுந்தது.

வஹாப் சாரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, லேசான அத்தர் வாசனை, அக்குளில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல். கட்டிங் பகுதியில் தோலின் மேல் வைத்து அளக்கும் ஸ்கேல் அது. எந்தப் பேப்பரைக் கொடுத்தாலும் முதலில் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். பிறகு ஸ்கேலை வைத்து நான்கு ஓரமும் அளப்பார். அதற்கப்புறம்தான் படிப்பார். சில நாள் படிக்கவே மாட்டார். இன்னொரு குணம், அவர் வாயில் பொய் வராது. பிறர் வாயிலும் வரவிட மாட்டார். காய்ச்சல் என்று லீவு கேட்டால் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பெண்கள் என்றால் வாசலில் இருக்கும் ஆயாம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

கம்பெனியில் நடப்பதையெல்லாம் எழுத வேண்டும், எழுதியபடியெல்லாம் நடக்க வேண்டும், சான்றிதழுக்கு அவ்வளவுதான் என்று எங்களுக்கு விளக்கினார். எழுதுவது எளிதாக இருந்தது. தலையணை தலையணையாக எழுதினோம். பிறகு ஒரு நாள், யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்பதை ஒரே பக்கத்தில் கட்டமும் கோடுமாகப் போட்டுத் தரச் சொன்னார். மொத்தம் இருபத்தேழு கட்டம்.

வேர்டு திரையின் அடியில் கோடு, அம்பு, கட்டம், வட்டம் என்று சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். கட்டம் வந்துவிட்டது. கோடுதான் படுத்தியது. மௌஸை இழுத்தால் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. வஹாப் சார் யோசித்துவிட்டு, ஸ்டீல் ஸ்கேலைத் திரையின் மேலேயே அழுத்திப் பிடித்தார். பழைய மானிட்டர், கண்ணாடி தொப்பை போல உப்பியிருக்கும், தொட்டால் சுரீர் என்று இழுக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் ஒருமுறை துள்ளினார். துள்ளினாலும் ஸ்கேலை விடவில்லை. நான் அம்புக்குறியை ஸ்கேலை ஒட்டியே நகர்த்தினேன். பிரின்ட் எடுத்தால் கோணல்தான்.

இப்படி மூன்று நாள். நான்காம் நாள் தன்னால் நேரானது. டைப்ரைட்டர் பழக்கத்தில் என் இடது சுண்டு விரல் சும்மா இருக்கும்போதும் ஷிஃப்ட் விசை மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு குச்சி மாதிரி நிற்கிறது. சாரிடம் காட்டினேன். ஸ்கேலை அக்குளில் வைத்துக்கொண்டு, “மூணு நாளா எனக்கு ஷாக் அடிச்சது வேஸ்டா” என்று மட்டும் கேட்டார்.

தப்பு நடந்தது கடைசி நாளில். முதலாளியின் கட்டத்திலிருந்து வலது ஓரமாக ஒரு நீளக் கோடு நேரே கீழே இறங்கி, வாரம் ஒருமுறை வரும் டாக்டர் கட்டத்தில் முடியும். டாக்டர் இனி வரமாட்டார், அந்தக் கட்டத்தை எடுத்துவிடு என்றார் சார். எடுத்தேன். கடைசி வரிசையில் நெரிசல் ஜாஸ்தி என்பதால், ஜெனரேட்டர் ஆபரேட்டர் கட்டத்தை நகர்த்தி அந்தக் காலி இடத்தில் வைத்தேன். கட்டத்தை நகர்த்தினால் கோடும் கூடவே வரும் என்று நினைத்துக்கொண்டேன். வேர்டில் அது வராது. நாம்தான் தனியாக இழுத்து வர வேண்டும். டாக்டருக்குப் போட்ட நீளக் கோட்டையும் நான் அழிக்கவில்லை. ஆகவே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் தேவராஜுக்குக் கீழே ஒரு குட்டிக் கோடு வெறுமனே தொங்கியது. முதலாளியின் கோடு நேராக வந்து ஜெனரேட்டர் ஏழுமலையின் தலையில் நின்றது.

வஹாப் சார் ஸ்கேல் வைத்து எல்லாக் கோட்டையும் அளந்தார். நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார். எங்கே போகின்றன என்று பார்க்கவில்லை. முதலாளி கையெழுத்துப் போட்டார். சிவப்பு முத்திரை குத்தி, பதினோரு இடத்தில் மாட்டினோம். மறுநாள் முதலாளி தோல் கண்காட்சிக்காக இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வர மூன்று வாரம் ஆகும். சான்றிதழுக்கான ஆடிட் அதற்கு முன்னாலேயே.

இப்போது ஏழுமலை. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் எல்லோரையும் போல நானும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கையில் எப்போதும் கழிவு நூல் உருண்டை, அதில் டீசல் கறையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். அவர் வேலை மேல் தேவராஜுக்கு ஒரு கண். தன் மச்சானை ஜெனரேட்டர் ரூமில் உட்கார வைக்க வேண்டும் என்பது தேவராஜின் நெடுநாள் ஆசை. ஏழுமலைக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ கொடுத்தாகிவிட்டது. இரண்டையும் டைப் அடித்தவள் நான்தான். கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தாமதமாகப் போட்டார் என்பது முதல் மெமோ. சொல்வதற்கு முன்னாலேயே போட்டார் என்பது இரண்டாவது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சார்ட் மாட்டிய நான்காம் நாள் தேவராஜ் மூன்றாவது மெமோவைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். ஜெனரேட்டர் ஓடும்போது ஏழுமலை உட்கார்ந்திருந்தார் என்பது குற்றம். வஹாப் சார் வாங்கிப் படித்தார். மெமோ கொடுக்க மேலதிகாரிக்குத்தான் உரிமை என்று அவரே எழுதிய விதி இருந்தது. ஆகவே விதிப்படி சுவரில் இருந்த சார்ட்டுக்குப் போனார். ஏழுமலை கட்டத்தில் ஸ்கேல் முனையை வைத்தார். கோட்டோடு மேலே போனார். போய்க்கொண்டே இருந்தார். ஸ்கேல் முதலாளியின் கட்டத்தில் போய் முட்டியது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“தேவராஜ், ஏழுமலை உங்க ஆள் இல்ல.”

“இன்னா சார் சொல்றீங்க? பத்து வருஷமா என் கீழதான இருக்கான்.”

“பேப்பர்ல இல்ல. முதலாளிதான் மெமோ குடுக்கணும்.”

தேவராஜ் போனதும் நான் அழுதுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுகிறேன் சார் என்றேன். சார் முடியாது என்று தலையாட்டினார். மாற்ற வேண்டுமானால் திருத்த விண்ணப்பம் வேண்டும், அதில் முதலாளி கையெழுத்து வேண்டும், பழைய பதினோரு தாளையும் திரும்ப வாங்கி, ‘செல்லாது’ என்று முத்திரை குத்த வேண்டும். முதலாளி இத்தாலியில். வெள்ளை மை வைத்து அழித்துவிடலாமே என்று கேட்டேன். பாவம் செய்யச் சொன்னது போல என்னைப் பார்த்தார்.

“அழாத கிரேஸ். கோடு நேராத்தான் இருக்குது. போற எடம்தான் தப்பு” என்றார்.

வேறு யாராக இருந்தாலும், ஆடிட்டர் கேட்டால் முதலாளிக்குக் கீழே என்று சொல்லிவிடு என ஏழுமலைக்குச் சொல்லிக்கொடுத்து முடித்திருப்பார்கள். வஹாப் சாருக்கு அது பொய். பொய் சொல்ல முடியாதென்றால் அதை உண்மையாக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கணக்கு. ஏழுமலையைக் கூப்பிட்டு, இன்று முதல் நீங்கள் நேராக முதலாளிக்குக் கீழே, தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் அறைக்குப் போய் ரிப்போர்ட் சொல்ல வேண்டும் என்றார்.

ஏழுமலை நூல் உருண்டையைக் கசக்கினார். “நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?”

மறுநாளிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு ஏழுமலை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, பூட்டிய அறையின் முன்னால் நிற்பார். கதவைப் பார்த்து, “ஐயா, ஜெனரேட்டர் நல்லா இருக்குது” என்பார். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு போவார். முதல் நாள் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் நாள் எழுந்து வழிவிட்டோம்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கரண்ட் போனது. தையல் மெஷின் அத்தனையும் நின்றது. தேவராஜ் கையைக் கட்டிக்கொண்டு, அவன் என் ஆள் இல்லை, நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார். ஏழுமலைக்கு இரண்டாவது மெமோ மறக்கவில்லை. மேலதிகாரி சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றார். வஹாப் சார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மேலதிகாரியின் உத்தரவு பெற்றே ஜெனரேட்டரை இயக்க வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. இத்தாலிக்கு ஃபேக்ஸ் அனுப்பலாம் என்றால் ஃபேக்ஸ் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு ஃபேக்ஸ் வேண்டும். ஆபீஸ் போனும் கரண்ட் இல்லாமல் செத்துக் கிடந்தது.

நானும் வஹாப் சாரும் பஜாரில் இருக்கும் எஸ்டிடி பூத்துக்கு ஓடினோம். இத்தாலியில் அப்போது விடியற்காலையாம். ஓட்டலில் முதலாளியை எழுப்பிக் கொடுத்தார்கள். சார் சலாம் சொல்லி, ஜெனரேட்டரைப் போடலாமா என்று அனுமதி கேட்டார்.

“ஜெனரேட்டர் எங்க இருக்குது வஹாப்?”

“ஆம்பூர்லதாங்க.”

“அப்ப போடுங்க.”

நாங்கள் திரும்பி வந்தபோது கரண்ட் வந்துவிட்டிருந்தது. ஆனால் உத்தரவும் வந்துவிட்டதே. ஏழுமலை ஜெனரேட்டரைப் போட்டார். அது யாருக்கும் உபயோகமில்லாமல் பின்பக்கம் தடதடவென்று ஓடியது. நிறுத்துங்கள் அண்ணா என்றேன். நிறுத்தச் சொல்லி முதலாளி சொல்லவில்லையே என்றார். சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். மறுபடியும் பூத்துக்கு ஓடினோம். அன்று சாயங்காலம் இத்தாலியிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. இனி கரண்ட் போனால் போடவும், வந்தால் நிறுத்தவும் ஏழுமலைக்கு நிரந்தர அனுமதி வழங்கப்படுகிறது என்றும், தன்னைத் தூங்க விடுமாறும் எழுதியிருந்தது. வஹாப் சார் இரண்டாவது வரியையும் சேர்த்து ஃபைல் செய்தார்.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்தார். எங்கள் கெட்ட காலம், நேரே ஜெனரேட்டர் ரூமுக்குப் போனார். யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். முதலாளிக்கு என்றார் ஏழுமலை. எப்போது ரிப்போர்ட் சொல்வீர்கள்? தினமும் ஒன்பது மணிக்கு. கரண்ட் போனால் யாரைக் கேட்டுப் போடுவீர்கள்? ஏழுமலை சட்டைப் பையிலிருந்து ஃபேக்ஸின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். ஆடிட்டர் எழுதிக்கொண்டார். ரிப்போர்ட் வந்தபோது பார்த்தால், மாற்று மின்சார ஏற்பாட்டில் உச்ச நிர்வாகமே நேரடியாக ஈடுபடுவது பாராட்டத்தக்கது என்று இருந்தது. சான்றிதழ் கிடைத்துவிட்டது.

முதலாளி வந்த முதல் நாள் ஒன்பது மணிக்கு அறைக்குள் ஆள் இருப்பதைப் பார்த்து ஏழுமலை மிரண்டு, சொல்லாமலே திரும்பிவிட்டார். முதலாளி சிரித்தாரா கோபப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். தேவராஜ் அதே மூன்றாவது மெமோவைத் தேதி மாற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கோடு அவர் கட்டத்துக்குத் திரும்பிய நிமிடம் மெமோ மேசைக்கு வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மிதியடிக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். இந்தமுறை எனக்கு எல்லாம் தெரியும். ஷிஃப்ட் தெரியும், கட்டத்தையும் கோட்டையும் ஒன்றாகக் கட்டத் தெரியும். ஐந்து நிமிட வேலை. ஆனால் தேவராஜின் கட்டம் வரை போய் என் கை நின்றுவிட்டது. பத்து வருடம் வேலை செய்த மனுஷரை ஒரு சுண்டு விரலால் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று தோன்றியது. பக்கத்தில் ‘டைப்பிஸ்ட், முதலாளி அலுவலகம்’ என்று என்னுடைய கட்டம் இருந்தது. அதற்குக் கீழே காலியாக இருந்தது. கோட்டை அங்கிருந்து இழுத்தேன். பிரின்ட் எடுத்து வஹாப் சாரிடம் கொடுத்தபோது, என் வேலையும் போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன்.

அவர் டியூப் லைட்டுக்குத் தூக்கிப் பார்த்தார். ஸ்கேலை வைத்தார். ஏழுமலையிலிருந்து மெதுவாக மேலே போய் என் கட்டத்தில் நின்றார். வாசலில் தேவராஜ் பையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நேரா இருக்குது” என்றார் வஹாப் சார். இந்தமுறை கோடு எங்கே போகிறது என்று அவர் பார்த்தார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அத்தனை வருடம் அவர் மேல் எனக்கு இருந்த பயம் அன்றோடு போயிற்று, மரியாதை வந்தது.

போகும்போது திரும்பி, “அந்தப் பழைய கோட்டை இன்னா பண்ண?” என்று கேட்டார். அழிக்கப் போகிறேன் என்றேன். “அழிக்காத. மூடி வை.” ஓரம் இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம் வரைந்து அதன் மேல் வைத்து மூடினேன். மறுபடி பிரின்ட் எடுத்து அனுப்பினோம், முதலாளி கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு நான் ரிடையர் ஆகும்வரை ஏழுமலைக்கு நான்தான் மேலதிகாரி. இத்தாலி ஃபேக்ஸ் முதலாளிக்குக் கீழே இருந்தபோது வந்தது, இப்போது செல்லாது என்பது ஏழுமலையின் கட்சி. கரண்ட் போனதும் முற்றத்தைத் தாண்டி வந்து என் ஜன்னலில் நிற்பார். “அம்மா, போடட்டுமா?” இருட்டிப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சேவ் பண்ணாத கடிதத்தை நினைத்துக்கொண்டு, போடுங்க அண்ணா என்பேன். லீவு போட்டால் ‘போடலாம்’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். என் மகள் கல்யாணத்துக்கு எட்டு சீட்டு எழுதினேன். நான் ரிடையர் ஆன வருடம் தானாகவே ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் வந்துவிட்டது. அதனால் ஷபானாவுக்கு அந்த வார்த்தையைச் சொல்லும் பாக்கியம் கிடைக்கவில்லை.

தானாக ஓடும் ஜெனரேட்டருக்கு ஆள் எதற்கு என்று இப்போதைய மெயின்டனன்ஸ் தலைவர் கேட்கிறாராம். சார்ட்டில் தன் கீழே வந்ததும் அந்த இடத்தையே எடுத்துவிடப் போகிறாராம். ஏழுமலை ரிடையர் ஆக இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. இதெல்லாம் அந்த முதல் போனிலேயே ஷபானாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டது.

அன்று சாயங்காலம் வஹாப் சாருக்குப் போன் பண்ணினேன். பேர்ணாம்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “கோடு இன்னும் நேரா இருக்குதா?” என்றார். இருக்கிறது சார் என்றேன். “அப்ப தொறந்துடு.”

மறுநாள் ஷபானாவிடம் சொன்னேன். டைப்பிஸ்டுக்குக் கீழே இருக்கும் கோட்டை எடுத்துவிடு. மேனேஜர் சொன்னதில் பாதி அதுதானே. பிறகு அந்த வெள்ளைக் கட்டத்தையும் எடுத்துவிடு. வேறு எதையும் தொடாதே. மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்றாள். கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல் என்றேன். புது மேனேஜர் டைப்பிஸ்டுக்குக் கீழே கோடு இல்லை, இருக்கிற கோடு நேராக இருக்கிறது என்று மட்டும் பார்த்தார். முதலாளியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது முதலாளி, பெரியவருடைய மகன்.

போன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழுமலை கையைக் கழுவிக்கொண்டு அந்தக் கதவின் முன்னால் போய் நின்றாராம். யாரும் சொல்லவில்லை, சார்ட்டைப் பார்த்து அவராகவே போயிருக்கிறார். “ஐயா, ஜெனரேட்டர் நல்லா இருக்குது” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கிறார். கதவு திறந்ததாம். சின்ன முதலாளி எட்டிப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறார். ஏழுமலை சார்ட்டைக் காட்டினாராம். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “சரி, நாளைக்கும் வந்து சொல்லுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

ஷபானா இதைச் சொல்லும்போதே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் பயந்துபோய், ஏதாவது தப்பு பண்ணிவிட்டேனா அக்கா என்று கேட்டாள். இல்லை, நீ அந்த ஃபைலைச் சேவ் பண்ணிவிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.